ஜெஃபர்சனின் குருவுக்கு விஷம் வைத்தது யார்? நீதிபதி ஜார்ஜ் வித்தின் வாழ்க்கையும் வீடும்

கேள்வி: அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவரான நீதிபதி ஜார்ஜ் வித், சொந்தப் பேரனாலேயே விஷம் வைத்துக் கொல்லப்பட்டார் என்று படித்தேன். உண்மையா? உண்மையென்றால் அவன் எப்படி விடுதலையானான்? வீட்டு வேலைக்காரப் பெண்ணிடம் அவருக்கு ஒரு மகன் இருந்தான் என்றும் சொல்கிறார்களே, அவருடைய குடும்பம்தான் என்ன?

பதில்:

முதலில் ஒரு சின்னத் திருத்தம். பழி சுமத்தப்பட்டவன் நேர்ப் பேரன் அல்ல, சகோதரியின் பேரன். பெயர் ஜார்ஜ் வித் ஸ்வீனி. கிழவரின் பெயரையே அவனுக்கு வைத்திருந்தார்கள். 1806ஆம் ஆண்டு, அவர்கள் வாழ்ந்த வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரம் முழுக்க அவன்தான் கொன்றான் என்று நம்பியது. ஆதாரங்களைப் படித்தால் எனக்கும் வேறு மாதிரி தோன்றவில்லை. ஆனால் நீதிமன்றத்தில் அவன் குற்றவாளி என்று நிரூபணமாகவில்லை. அது ஏன் என்பதுதான் இந்தக் கதையில் மிகவும் உறுத்துகிற இடம். அதற்கு வருவதற்கு முன் மனிதரைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

வித் 1726இல் வர்ஜீனியாவில், எலிசபெத் சிட்டி கவுண்டியில் உள்ள செஸ்டர்வில் என்ற பண்ணையில் பிறந்தார். இன்றைக்கு அந்த நிலம் ஹாம்ப்டன் நகரத்தில் நாசாவின் லாங்லி ஆய்வு மைய வளாகத்துக்குள் இருக்கிறது. அவர் குழந்தையாக இருந்தபோதே அப்பா இறந்துவிட்டார். அம்மா மார்கரெட்தான் வளர்த்தார், லத்தீனும் அவரே சொல்லிக்கொடுத்தார். அந்தக் காலத்துப் பண்ணை வீட்டுப் பெண்ணுக்கு லத்தீன் எங்கிருந்து வந்தது என்றால், மார்கரெட்டின் தாய்வழித் தாத்தா ஜார்ஜ் கீத். அவர் குவேக்கர் என்ற கிறிஸ்தவ சபையின் பெரிய வாதப் பேச்சாளர். 1693லேயே, அடிமைகளை வாங்காதீர்கள், வைத்திருக்காதீர்கள் என்று அச்சிட்டு வெளியிட்டவர்களின் தலைவர். பின்னாளில் குவேக்கர்களோடு சண்டை போட்டுக்கொண்டு ஆங்கிலிகன் பாதிரியாராகிவிட்டார், அது வேறு கதை. ஆனால் அந்தப் பரம்பரையின் படிப்பு அந்த வீட்டில் தங்கியிருந்தது.

படிப்பு இருந்தது, சொத்து இல்லை. அன்றைய வர்ஜீனியாச் சட்டப்படி பண்ணை மூத்த மகனுக்குத்தான். அது அண்ணன் தாமஸுக்குப் போயிற்று. தம்பி ஜார்ஜ், ஸ்டீபன் டூவி என்ற உறவினரிடம் வக்கீல் தொழில் பழகப் போனார். கற்றுக்கொண்டதை விடக் குமாஸ்தா வேலை பார்த்ததுதான் அதிகம் என்று பின்னாளில் வருத்தப்பட்டாராம். (தன்னிடம் வந்த மாணவர்களை அவர் அப்படி நடத்தாததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.) 1746இல், 20 வயதில், வக்கீலாகப் பதிவு செய்துகொண்டார்.

அடுத்த ஆண்டு டிசம்பரில் திருமணம். தன்னோடு தொழில் செய்த மூத்த வக்கீல் சக்கரி லூயிஸின் மகள் ஆன். எட்டு மாதங்கூட முழுதாக ஆகவில்லை, 1748 ஆகஸ்டில் அந்தப் பெண் இறந்துவிட்டாள். 22 வயதுகூட நிரம்பாமல் மனைவியை இழந்தவர், அங்கே இருக்கப் பிடிக்காமல் தலைநகர் வில்லியம்ஸ்பர்க்குக்கு வந்து சேர்ந்தார். சட்டமன்றக் குழுக்களின் எழுத்தராக வேலை கிடைத்தது. பிறகு ஏறுமுகம்தான்: 1754இல் தற்காலிக அட்டர்னி ஜெனரல், அப்புறம் சட்டமன்ற உறுப்பினர், நகர மேயர், சட்டமன்றத்தின் தலைமை எழுத்தர். 1755இல் அண்ணன் வாரிசில்லாமல் இறக்க, செஸ்டர்வில் பண்ணை இவர் கைக்கு வந்தது. பண்ணையோடு அடிமைகளும் வந்தார்கள். இதை மறந்துவிடக் கூடாது.

அதே காலத்தில் இரண்டாவது திருமணம். மனைவி எலிசபெத் டாலிவர். மாமனார் ரிச்சர்ட் டாலிவர் வீடு கட்டுவதில் பேர்போனவர். வில்லியம்ஸ்பர்க்கில் ஆளுநர் மாளிகைத் திடலை ஒட்டி அவர் கட்டிய செங்கல் வீட்டில்தான் மகளும் மருமகனும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் வாழ்ந்தார்கள். அந்த வீடு இன்றும் இருக்கிறது, போனால் உள்ளே சென்று பார்க்கலாம். 1781இல், சுதந்திரப் போரின் முடிவைத் தீர்மானித்த யார்க்டவுன் முற்றுகைக்கு முன் ஜார்ஜ் வாஷிங்டன் தங்கித் திட்டம் போட்டதும் இங்கேதான். தம்பதிக்கு ஒரு குழந்தை பிறந்து, பிறந்த சில நாளிலேயே போய்விட்டது. வேறு பிள்ளை இல்லை.

பிள்ளை இல்லாத வீடு என்றாலும் பையன்கள் இல்லாத வீடு இல்லை. 1762இல், பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான தாமஸ் ஜெஃபர்சன் 19 வயதில் அவரிடம் சட்டம் படிக்க வந்தார், ஐந்து ஆண்டுகள் படித்தார். கல்லூரிப் பேராசிரியர் வில்லியம் ஸ்மால்தான் அழைத்துவந்து அறிமுகம் செய்தவர். ஆளுநர் ஃபாக்கியர் மேசையில் ஸ்மால், வித், ஆளுநர், இந்த இளைஞன் என நான்கு பேராக அடிக்கடி உட்கார்ந்து சாப்பிட்டுப் பேசுவார்கள். வாழ்க்கையில் கேட்ட நல்ல பேச்சில் பெரும்பகுதி அந்த மேசையில் கேட்டதுதான் என்று ஜெஃபர்சன் பிற்காலத்தில் எழுதினார். இருவருக்கும் அப்பா மகன் போன்ற ஒட்டுதல், கடைசிவரை நீடித்தது.

ஆனால் 1770இல் குருவும் சீடரும் ஒரு வழக்கில் எதிரெதிரே நின்றார்கள். சாமுவேல் ஹவல் என்ற கலப்பின இளைஞன் தன் கொத்தடிமைத்தனத்திலிருந்து விடுதலை கேட்டான். அவனுக்காகக் காசு வாங்காமல் ஆஜரானவர் ஜெஃபர்சன். இயற்கையின் சட்டப்படி எல்லா மனிதரும் சுதந்திரமாகத்தான் பிறக்கிறார்கள் என்று வாதாடினார். எஜமானன் தரப்பு வக்கீல் வித். அவர் எழுந்து பேசவே தேவைப்படவில்லை. அதற்குள் நீதிமன்றம் ஜெஃபர்சனின் வாதத்தைத் தள்ளித் தீர்ப்பு சொல்லிவிட்டது. 36 ஆண்டுகள் கழித்து நீதிபதி நாற்காலியில் இருந்துகொண்டு வித் என்ன தீர்ப்பெழுதினார் என்பதைப் பின்னால் பாருங்கள். மனிதர் எவ்வளவு தூரம் நடந்திருக்கிறார் என்று தெரியும்.

புரட்சிக் காலத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், அது எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. 1764இல், ஸ்டாம்ப் வரி வரப்போகிறது என்றதும் பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்கு வர்ஜீனியா அனுப்பிய ஆட்சேபத்தின் முதல் வரைவு அவருடையது. அது ராஜத்துரோகத்துக்குப் பக்கத்தில் போகிறது என்று சக உறுப்பினர்கள் பயந்து காரத்தைக் குறைத்தார்கள். 1775இல் பிலடெல்பியா காங்கிரசுக்குப் போனார். சுதந்திரப் பிரகடனத்தில் வர்ஜீனியாக்காரர்களின் பெயர்களில் முதலில் நிற்பது அவர் கையெழுத்து. மற்றவர்கள் கையெழுத்திட்டபோது அவர் ஊரில் இல்லை. அவருக்காக மேலே இடம் விட்டுவைத்திருந்தார்கள்.

1778இல் வர்ஜீனியாவின் சான்சரி நீதிமன்றத்துக்கு நீதிபதியானார். எழுதப்பட்ட சட்டத்தின் கறார்த்தனத்தால் நியாயம் கிடைக்காதவர்கள் வந்து முறையிடுகிற நீதிமன்றம் அது. அடுத்த ஆண்டு வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் அமெரிக்காவின் முதல் சட்டப் பேராசிரியர். அதுவரை வக்கீலுக்குப் படிப்பதென்றால் ஒரு வக்கீலிடம் எடுபிடியாக இருப்பதுதான். வித் வகுப்பெடுத்தார், அதோடு பழைய சட்டமன்றக் கட்டடத்தில் மாணவர்களை வைத்துப் பாவனை நீதிமன்றமும் பாவனைச் சட்டமன்றமும் நடத்தினார். அந்த வகுப்பில் 1780இல் சில மாதங்கள் உட்கார்ந்தவர் ஜான் மார்ஷல், பின்னாளில் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி. மார்ஷலின் நோட்டுப் புத்தகம் இன்றும் இருக்கிறது. சட்டக் குறிப்புகளுக்கு நடுவே பாலி, பாலி என்று காதலியின் பெயரைக் கிறுக்கிவைத்திருக்கிறார். 1783இல் அந்தப் பாலி ஆம்ப்ளரையே மணந்தார். சட்டமன்றம் அரசியல் சட்டத்தை மீறினால் நீதிமன்றம் தடுத்து நிறுத்தலாம் என்று மார்ஷல் 1803இல் எழுதியது உலகப் புகழ் பெற்றது. அதையே குரு 1782இல், கேட்டன் வழக்கில், இதுதான் உங்கள் எல்லை, இதற்கு மேல் வரக்கூடாது என்று சொல்லியிருந்தார்.

சரி, இந்தக் கதைக்கு முக்கியமான வேலைக்கு வருவோம். 1776இல் வர்ஜீனியா தன் சட்டங்கள் எல்லாவற்றையும் புதிதாகத் திருத்தி எழுத ஒரு குழு போட்டது. ஐந்து பேரில் ஒருவர் விலகினார், ஒருவர் இறந்தார். மீதி ஜெஃபர்சன், எட்மண்ட் பெண்டில்டன், வித். வேலையை மூன்றாகப் பிரித்துக்கொண்டார்கள். பிறகு 1779இல் வில்லியம்ஸ்பர்க்கில் கூடி நாள்தோறும் உட்கார்ந்து, ஒருவர் எழுதியதை மற்றவர்கள் வரிவரியாக அலசினார்கள். 126 மசோதாக்கள் தயாராயின. மூத்த மகனுக்கே சொத்து என்ற முறையை ஒழித்ததும், மதச் சுதந்திரச் சட்டமும் இந்தத் தொகுப்பில் இருந்தவைதான்.

இந்தத் தொகுப்பில் இன்னும் இரண்டு மசோதாக்கள் இருந்தன. ஒன்று குற்றங்களுக்கான தண்டனை பற்றியது, ஜெஃபர்சன் எழுதி 1778 நவம்பரில் வித் பார்வைக்கு அனுப்பியது. அதில் ஒரு விதி: விஷம் வைத்துக் கொன்றவன் விஷத்தாலேயே சாக வேண்டும். அந்த மசோதா சட்டமன்றத்தில் ஒரே ஓட்டில் தோற்றது. இன்னொன்று அடிமைகள் பற்றியது. அதில், கறுப்பரோ கலப்பினத்தவரோ, கறுப்பர்கள் மீதான வழக்குகளிலும் கறுப்பர்களுக்குள்ளான வழக்குகளிலும் தவிர வேறெதிலும் சாட்சி சொல்லக் கூடாது என்று இருந்தது. அடிமையா, விடுதலையானவரா என்ற வித்தியாசம் கிடையாது. இவர்கள் புதிதாகக் கண்டுபிடித்தது அல்ல இது. வர்ஜீனியாவில் பல தலைமுறையாக இருந்த விதிதான். மாற்றலாமா என்று கேட்கும் அதிகாரம் கையில் இருந்தபோது அப்படியே எழுதிவைத்தார்கள். 1785இல் இது சட்டமானது. அடிமைமுறையைப் படிப்படியாக ஒழிக்க ஒரு திருத்தமும் தயாரித்து வைத்திருந்தோம், மக்கள் மனம் தாங்காது என்று விட்டுவிட்டோம் என்று ஜெஃபர்சன் பிற்காலத்தில் எழுதினார்.

1787இல் அரசியல் சட்டம் எழுத பிலடெல்பியாவில் கூடியபோது வித்தும் போனார். மாநாட்டின் நடைமுறை விதிகளை வகுத்த குழுவுக்கு அவர்தான் தலைவர். ஆனால் ஜூன் முதல் வாரத்திலேயே, மனைவிக்கு உடம்பு மோசம் என்று செய்தி வர, எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஊர் திரும்பினார். அதனால்தான் அரசியல் சட்டத்தில் அவர் கையெழுத்து இல்லை. ஆகஸ்டில் எலிசபெத் இறந்தார்.

அதன் பிறகு வீட்டை அவர் கலைத்துப்போட்டார். 1782 முதல் வர்ஜீனியாவில் எஜமானன் விரும்பினால் ஒரு பத்திரம் எழுதி அடிமையை விடுவிக்கலாம். மனைவி இறந்த 1787இலேயே சமையல்காரி லிடியா பிராட்னாக்ஸுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். அப்புறம் இன்னும் சிலருக்கும். எல்லாருக்கும் அல்ல. பலரை மனைவி வீட்டு உறவினர்களுக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறார். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

1791இல் நீதிமன்ற வேலைக்காக ரிச்மண்டுக்குக் குடிபெயர்ந்தபோது லிடியா கூடவே வந்தார். இப்போது சம்பளத்துக்கு வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணியாக. இந்த ரிச்மண்ட் வாழ்க்கையைப் பற்றி வில்லியம் மன்ஃபர்ட் என்ற மாணவர் சொன்னவை இருக்கின்றன. அவர் வித் வீட்டிலேயே தங்கிப் படித்தவர். விடிவதற்கு முன்னால் கிணற்றிலிருந்து நீரிறைத்து ஊற்றிக் குளிப்பாராம் கிழவர், கடுங்குளிர் காலத்திலும். தலையில் தண்ணீர் விழுந்ததும் மூச்சு திணறி அவர் போடும் சத்தம் படுக்கையில் கிடக்கும் பையன்களுக்குக் கேட்கும். எழுபதைத் தொடும் வயதில் ஹீப்ரு படிக்க ஆரம்பித்தார். வலது கை மூட்டுவாதத்தால் முடங்கியபோது இடது கையால் எழுதப் பழகிக்கொண்டார்.

அதுவும் போதாமல் போகவே, நீதிமன்ற அலுவலகத்திலிருந்த ஏழைப் பையன் ஒருவனைத் தீர்ப்புகளை எழுதுவதற்கு வைத்துக்கொண்டார். பதினாறு வயது ஹென்றி கிளே. வித் தன் தீர்ப்புகளில் ஹோமரையும் மற்றவர்களையும் கிரேக்கத்திலேயே மேற்கோள் காட்டுவார். கிளேவுக்குக் கிரேக்கத்தில் ஓர் எழுத்துத் தெரியாது. புத்தகத்தைப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாக, படம் வரைவது போல வரைந்து வைப்பான். நாலு வருஷம் இந்த வேலை. அந்தப் பையன்தான் பிறகு அமெரிக்க நாடாளுமன்றக் கீழவையின் சபாநாயகர், வெளியுறவுச் செயலர், ஜனாதிபதி வேட்பாளர். மகனுக்குத் தியோடர் வித் கிளே என்று பெயர் வைத்தார். ரத்த உறவில் இவர் பெயரைச் சூட்டிய பிள்ளை எப்படிப் போனான் என்பதை நினைத்தால், இந்தப் பெயர் எவ்வளவோ மேல்.

தீர்ப்புகளில் வித் யாருக்கும் வளைந்து கொடுத்தவர் அல்ல. மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் பெண்டில்டன் உட்கார்ந்திருந்தார். வக்கீல்களாக இருந்த காலத்திலிருந்தே இருவருக்கும் போட்டி. இவர் தீர்ப்பை அவர் மாற்றுவார். இவர் சும்மா இருக்கவில்லை, 1795இல் தன் தீர்ப்புகளைத் தொகுத்து அச்சிட்டு, மேல் நீதிமன்றம் எங்கெங்கே தப்பு செய்தது என்று அதிலேயே வாதாடினார்.

அடிமைகள் வழக்கில் இன்னும் தைரியம். பிளெசன்ட்ஸ் என்ற குவேக்கர் குடும்பத்தில், உயிலில் விடுதலை எழுதிவைத்தும் வாரிசுகள் விடாமல் வைத்திருந்த நூற்றுக்கணக்கானவர்கள் சார்பில் வழக்கு வந்தது. விடுதலை உண்டு, சட்டவிரோதமாக வைத்திருந்த காலத்துக்கு உழைப்பின் பலனையும் கணக்குப் பார்த்துக் கொடு என்றார் வித். மேல் நீதிமன்றம் 1799இல் விடுதலையை ஏற்றது, பணத்தை மறுத்தது. அடுத்தது 1806இல் ரைட் குடும்பத்து வழக்கு. பாட்டி, மகள், பேத்தி என மூன்று தலைமுறைப் பெண்கள், தங்கள் மூதாதை செவ்விந்தியப் பெண், ஆகவே தாங்கள் அடிமைகள் அல்ல என்றார்கள். வித் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தார். அதோடு நிற்கவில்லை. எல்லா மனிதரும் இயற்கையில் சமமான சுதந்திரம் உடையவர்கள் என்று வர்ஜீனியாவின் உரிமைப் பிரகடனமே சொல்கிறது, ஆகவே ஒருவரை அடிமை என்று சொல்கிறவன்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்று எழுதினார். 1770இல் ஜெஃபர்சன் தோற்ற வாதத்துக்கு இது எவ்வளவு பக்கம் என்று பாருங்கள். மேல் நீதிமன்றம் அந்தப் பெண்களின் விடுதலையை உறுதி செய்தது, ஆனால் அந்தக் காரணம் கறுப்பர்களுக்குப் பொருந்தாது என்று வெட்டிவிட்டது. அப்படி எழுதிய நீதிபதிகளில் ஒருவர் செயின்ட் ஜார்ஜ் டக்கர், வித்திடம் படித்தவர். அந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பு வந்தபோது குரு உயிரோடு இல்லை.

இப்போது 1806இல் அந்த வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று பார்க்கலாம். 79 வயது வித். லிடியா. மைக்கேல் பிரவுன் என்ற பதினைந்து பதினாறு வயதுக் கலப்பினப் பையன், பிறப்பிலேயே சுதந்திரமானவன். அவனுக்கு வித் தானே உட்கார்ந்து லத்தீனும் கிரேக்கமும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். இவர்களோடு ஸ்வீனி, பதினெட்டு வயதை ஒட்டியவன். சூதாட்டம், கடன். தாத்தாவின் புத்தகங்களைத் திருடி விற்றிருக்கிறான்.

உயில் 1803இல் எழுதப்பட்டது. லிடியாவின் பராமரிப்புக்கு வீட்டு வாடகை முதலியவை, மீதியில் பெரும்பங்கு ஸ்வீனிக்கு. 1806 ஜனவரியிலும் பிப்ரவரியிலும் இணைப்புகள் சேர்த்தார். மைக்கேலுக்கு வங்கிப் பங்குகளில் பாதி, அவன் படிப்பைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்று அப்போது ஜனாதிபதியாக இருந்த ஜெஃபர்சனுக்கு ஒரு வேண்டுகோள். ஜெஃபர்சனுக்குப் புத்தகங்கள், வெள்ளிக் கிண்ணங்கள், தங்கப்பூண் போட்ட கைத்தடி. லிடியாவுக்கு வீட்டில் இருக்கும் விறகு, கரி எல்லாம். இத்தனைக்கும் நடுவே ஒரு வரி: மைக்கேல் வயதுக்கு வருமுன் இறந்துபோனால் அவன் பங்கு ஸ்வீனிக்கு. எந்த வக்கீலும் யோசிக்காமல் எழுதக்கூடிய வரி அது. ஆனால் அதே வீட்டில் கடன்காரர்கள் துரத்தும் ஒருவன் இருக்கும்போது அது எழுதியிருக்கக் கூடாத வரி.

மே 25, ஞாயிற்றுக்கிழமை காலை. லிடியா சொன்னதாக மற்றவர்கள் எழுதிவைத்ததைத்தான் நாம் படிக்கிறோம். அதிலும் ஒரு பகுதி பல ஆண்டுகள் கழித்து எழுதப்பட்டது. அதன்படி ஸ்வீனி சமையலறைக்கு வந்தான், அவசரமாகப் போக வேண்டும் என்று காப்பி கேட்டான். காப்பிப் பாத்திரத்தை எடுத்து ஊற்றிக்கொண்டான். ஒரு சின்ன வெள்ளைக் காகிதத்தை அடுப்பில் போட்டான். லிடியா அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவன் போன பிறகு கிழவருக்குக் காப்பி போயிற்று, மைக்கேலும் லிடியாவும் குடித்தார்கள். கொஞ்ச நேரத்தில் மூன்று பேருக்கும் வயிற்றைப் பிடுங்கும் வலி, வாந்தி, பேதி.

ஓரிரு நாளில் ஸ்வீனி நூறு டாலர் செக் ஒன்றை மாற்ற வங்கிக்குப் போய் மாட்டிக்கொண்டான். தோண்டிப் பார்த்தால், வித் கையெழுத்தைக் கள்ளமாகப் போட்ட செக்குகள் மொத்தம் ஆறு. சிறையில் போட்டார்கள். ஜாமீன் கேட்டு ஆள் அனுப்பினான், தாத்தா மறுத்துவிட்டார். ஜூன் 1ஆம் தேதி மைக்கேல் இறந்தான். அன்றே வித் படுக்கையில் இருந்தபடி உயிலுக்குக் கடைசி இணைப்பு எழுதி ஸ்வீனியை முழுவதுமாக நீக்கினார், அவன் பங்கை அவனுடைய உடன்பிறந்தவர்களுக்குக் கொடுத்தார். என்னைக் கொன்றுவிட்டார்கள் என்று சொன்னார். ஜூன் 8ஆம் தேதி இறந்தார். லிடியா பிழைத்தார், கண்பார்வை கெட்டுப்போயிற்று.

அரசு மரியாதையோடு சவ ஊர்வலம், சட்டமன்ற மண்டபத்தில் மன்ஃபர்டின் இரங்கலுரை. செயின்ட் ஜான்ஸ் தேவாலய வளாகத்தில் அடக்கம்.

செப்டம்பரில் விசாரணை. ஸ்வீனிக்கு ஆஜரானவர்களைக் கேட்டால் அசந்துபோவீர்கள். ஒருவர் எட்மண்ட் ராண்டால்ஃப், வாஷிங்டன் அரசில் அமெரிக்காவின் முதல் அட்டர்னி ஜெனரல். ஸ்வீனியை நீக்கிய அந்தக் கடைசி உயில் இணைப்பில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவரும் அவரே! இன்னொருவர் வில்லியம் வர்ட், பின்னாளில் பன்னிரண்டு ஆண்டுகள் அமெரிக்க அட்டர்னி ஜெனரல். வழக்கை எடுக்கலாமா என்று தயங்கி மனைவிக்குக் கடிதமெல்லாம் எழுதியிருக்கிறார். பிறகு எடுத்துக்கொண்டார்.

அரசுத் தரப்பிடம் இருந்தவை: எலிப் பாஷாணம் (ஆர்சனிக்) பற்றி ஸ்வீனி தன்னிடம் பேசியதாக ஒரு நண்பனின் வாக்குமூலம். சிறைத் தோட்டத்தில் கண்டெடுத்த, அவன் வீசியிருக்கலாம் என்று நம்பப்பட்ட ஒரு பாஷாணப் பொட்டலம். கள்ளச் செக்குகள். உயிலில் இருந்த லாபம். இல்லாதது, அடுப்படியில் நடந்ததைப் பார்த்த கண். லிடியா ரிச்மண்டிலேயே இருந்தார், பேசத் தயாராக இருந்தார், ஊர் முழுக்கச் சொல்லியும் இருந்தார். ஆனால் ஒரு வெள்ளையன் மீதான வழக்கில் கூண்டேறிச் சொல்ல அவருக்கு வாயில்லை. 1785 சட்டம் அதை அடைத்திருந்தது. அவர் சொன்னதைக் கேட்ட வெள்ளையர்கள் வந்து சொன்னால் அது கேள்விச் சாட்சியம், செல்லாது.

பழியை முழுக்க அந்த ஒரு சட்டத்தின் தலையில் போடுவதும் சரியல்ல. டாக்டர்கள் பிரேத பரிசோதனை செய்தார்கள், ரிச்மண்டின் பெரிய டாக்டர்கள்தான். வயிற்றில் அழற்சி பார்த்தார்கள். ஆனால் பாஷாணத்தால் வந்தது என்று அடித்துச் சொல்லவில்லை, பித்தத்தாலும் இப்படி ஆகலாம் என்றார்கள். உடலில் ஆர்சனிக்கை நம்பகமாகக் கண்டுபிடிக்கும் மார்ஷ் சோதனை 1836இல்தான் வந்தது. அந்த இழுபறியை வர்ட்டும் ராண்டால்ஃபும் விடுவார்களா? கண்ணால் பார்த்த சாட்சி இல்லை, மருத்துவச் சாட்சியம் உறுதியில்லை. ஜூரி விடுதலை செய்தது. மைக்கேலைக் கொன்றதற்கான குற்றச்சாட்டு விசாரணைக்கே வரவில்லை. நம் ஊர் நீதிமன்றச் செய்திகளில் அடிக்கடி வருகிற மரண வாக்குமூலம் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். கொல்லப்பட்டேன் என்றாரே தவிர, தான் பார்த்த ஒன்றை வித் சொல்ல முடியாது. அவர் சமையலறையில் இல்லை.

கள்ளச் செக் வழக்கிலாவது மாட்டினானா? ஜூரி குற்றவாளி என்றது. அப்புறம், ஆளை ஏமாற்றினால்தான் அந்தச் சட்டம், வங்கியை ஏமாற்றுவதை அது சொல்லவில்லை என்று ஒரு ஓட்டை கிடைத்தது. அந்தச் சட்டம் வந்தபோது வர்ஜீனியாவில் வங்கியே கிடையாது. அதிலும் தப்பினான். மேற்கே போய்விட்டான். டென்னசியில் குதிரை திருடி ஜெயிலுக்குப் போனான் என்று ஒரு பேச்சு உண்டு.

விஷத்துக்கு விஷம் என்ற விதி சட்டமாகியிருந்தாலும் இதில் எதுவும் மாறியிருக்காது. தண்டனை எதுவானாலும் சாட்சி வேண்டுமே.

கடைசியாக, மைக்கேல் அவருடைய மகனா என்ற கேள்வி. இருபதாம் நூற்றாண்டில் சிலர் அப்படி எழுதினார்கள். லிடியா தாய், வித் தந்தை, அதனால்தான் உயிலில் பங்கு என்று. என் பதில்: நம்புவதற்கு ஆதாரம் இல்லை. மைக்கேல் பிறந்தபோது லிடியாவுக்கு ஐம்பதை ஒட்டிய வயது. அவர் தாய் என்று சொல்லும் ஆவணம் ஒன்றுமில்லை. லிடியா விடுதலை பெற்ற பிறகு தனக்கென்று சொந்த வீடு வாங்கி வாழ்ந்த பெண், யாருடைய நிழலிலும் இல்லை. பையனைப் படிக்கவைத்ததற்கு ரகசிய உறவு தேட வேண்டிய அவசியமும் இல்லை. மார்ஷல், கிளே, மன்ஃபர்ட் என்று கையில் கிடைத்த எல்லாப் பையன்களுக்கும் பாடம் நடத்திய மனிதர் அவர். ஜெஃபர்சனும் அந்தப் பையனின் சாவைக் கேட்டபோது, நண்பரின் ஆசைப்படி அவனைக் கவனித்துக்கொள்ளும் வாய்ப்பு போயிற்றே என்றுதான் வருந்தி எழுதினார்.

வித் எழுதிவைத்த புத்தகங்கள் ஜெஃபர்சனின் பண்ணை வீடான மான்டிசெல்லோவுக்குப் போய்ச் சேர்ந்தன. 1815இல் ஜெஃபர்சன் தன் நூலகத்தை நாடாளுமன்றத்துக்கு விற்றபோது அவற்றில் பலவும் அதோடு போயின. லிடியா 1807இல் ஜெஃபர்சனுக்குக் கடிதம் எழுதினார். விஷத்துக்குப் பிறகு கண் சரியாகத் தெரியவில்லை, வேலை செய்து பிழைக்க முடியவில்லை என்று உதவி கேட்டிருந்தார். ஜெஃபர்சன் ஐம்பது டாலர் அனுப்பினார்.